ஹெஸ்டர் வீட்டு வழியாகப் போகும் எல்லை

எங்கள் ஊர் ஹார்ன்கோட்டின் எல்லை, மில் சந்தின் கடைசி வீட்டில் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து பின்கதவு வழியாக வெளியே போகிறது. எல்லைதான் முதலில் இருந்தது. பிற்பாடு வந்த மாவு மில்காரர் ஒருவர் ஆற்றங்கரையில் இடம் போதாமல் அதன் மேலேயே வீட்டைக் கட்டிக்கொண்டார். எல்லைக் கல்லைப் பிடுங்க ஊர் சம்மதிக்கவில்லை. ஆகவே அதைத் தரையோடு தரையாகப் பதித்து, நடுவில் ஓர் இரும்புச் சிலுவையை அடித்து வைத்தார். அன்று முதல் அந்த வீட்டில் அடுப்பு ஹார்ன்கோட்டில் எரிகிறது, பாத்திரம் கழுவுவது பக்கத்து ஊரான நெதர்லீயில் நடக்கிறது.

மே மாதத்தில், ஆண்டவர் பரமேறிய திருநாளுக்கு முந்தைய திங்கட்கிழமை, ஊரின் எல்லை யாருக்கும் மறந்துவிடாமலிருக்க, நாங்கள் எல்லை நடக்கிறோம். ஆளுக்கொரு வில்லோக் குச்சி. கல் வந்தால் எல்லோரும் அதைக் குச்சியால் தட்டுவோம், பாதிரியம்மா ஒரு வரி ஜெபம் சொல்வார், அடுத்த கல்லுக்குப் போவோம். வேலி வந்தால் ஏறுவோம். ஓடை வந்தால் இறங்குவோம். மில் சந்து வந்தால் ஜன்னல். அந்த வீட்டுக்காரர் செய்ய வேண்டியதெல்லாம், ஜன்னலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு வைப்பதுதான். முக்காலி இருந்தால் வாருங்கள் என்று அர்த்தம். முக்காலி இல்லாத வருடம் ஒன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த வீடு இப்போது ஹெஸ்டர் பிராக்வெல்லுடையது. நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவள் கணவன் லயனல் ஊர் ஏலக்கூடத்தில் வேலை பார்த்தவன். போன வருடத்துக்கு முந்தின வருடம் இலையுதிர் காலத்தில் காலமானான். போன மே மாதம் ஆற்றங்கரை வயலெல்லாம் தண்ணீர் நின்றதால் எல்லை நடை நடக்கவில்லை. ஆகவே லயனல் போன பிறகு அந்தச் சமையலறைக்குள் யாரும் போகவில்லை. இதை அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, சந்தை கலைந்து, பாலாடைக்கட்டி வண்டிக்காரர் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்த நேரம், ஹெஸ்டர் என் கடைக்கு வந்தாள். சந்தைச் சதுக்கத்தில் மணிக்கூண்டுக்கு எதிரில் இருக்கும் இரும்புக் கடை என்னுடையது. அப்பாவுக்குப் பிறகு நான் நடத்துகிறேன். அவள் ஆணிகள் இருந்த இழுப்பறைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜன்னலுக்கு உள்பக்கமா போடற தாழ்ப்பாள் ஒண்ணு குடு, மேவிஸ். கெட்டியா இருக்கணும்."

எந்த ஜன்னலுக்கு என்று கேட்டேன். சமையல்கட்டு ஜன்னலுக்கு என்றாள். நான் தாழ்ப்பாளை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததும், பையை மூடிக்கொண்டே சொன்னாள்.

"இந்த வருஷம் வெளியால சுத்திப் போகச் சொல்லு ராண்டல்கிட்ட. நான் சொன்னேன்னு சொல்லாதே. நீயா யோசிச்ச மாதிரி சொல்லு."

"நான் யோசிச்சேன்னா அவன் நம்ப மாட்டான்டி."

அவள் சிரிக்கவில்லை. மீதிச் சில்லறையை வாங்க மறந்துவிட்டுப் போனாள்.

ராண்டல் ஃபென்விக் ஊரின் பழைய கசாப்புக் கடைக்காரன். கடையை விற்றுவிட்டான், கையில் இப்போது இருப்பது எல்லைக் கோல் ஒன்றுதான். அடியில் இரும்புப் பூண் போட்ட, ஆள் உயரக் கோல். அவனுடைய அப்பாவும் அதையே பிடித்து முன்னால் நடந்தவர். அதைப் பிடித்தால் ராண்டலுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். குறுக்கு வழி எதையும் அனுமதிக்க மாட்டான். ஒரு வருடம் எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு காளை படுத்திருந்தது. அது எழுந்து போகும்வரை எங்கள் எல்லோரையும் வேலியோரம் நிற்க வைத்தவன் அவன்.

எல்லை நடைக் குழு அடுத்த வாரம் ஃப்ளீஸ் மதுக்கடையின் பின்னறையில் கூடியது. இந்த வருடம் மில் சந்து வீட்டைச் சுற்றிப் போனால் என்ன, வயதானவர்களுக்கு ஜன்னல் ஏறுவது சிரமமாக இருக்கிறதே என்று நான் ஆரம்பித்தேன். ராண்டல் தன் பியர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எல்லை என்ன பஸ்ஸா, ரோடு வேலைன்னா வேற வழியா போறதுக்கு?"

பாதிரியம்மா ஜோசலின் சமாதானமாக, வெளியே நின்றே ஜெபம் சொல்லிவிடலாம், ஆண்டவருக்குச் சுவர் ஒரு தடையில்லை என்றார். ஆண்டவருக்குத் தடையில்லைதான், நெதர்லீக்காரர்களைப் பற்றித்தான் கவலை என்றான் ராண்டல். ஒரு ஜன்னலில் ஏறாமல் விட்டால் ஹார்ன்கோட் ஒரு சமையலறை அளவு சுருங்கிவிடும் என்று அவர்கள் கிறிஸ்துமஸ் வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்களாம். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தான். இது உன் யோசனை இல்லையே என்றான். நான் என் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தேன். அதுவே அவனுக்குப் பதிலாகிவிட்டது. ஹெஸ்டருக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ, சனிக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், ஒரு பொட்டலம் சாஸேஜ் ரோல் கொண்டுபோகிறேன் என்று முடித்தான். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவனாக இருந்தால் போகாமல் இருந்திருப்பான்.

சனிக்கிழமைக்கு முந்தி நான் போனேன். கதவைத் தட்டிவிட்டு வெகு நேரம் நின்றேன். உள்ளே எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு கதவு ஒரு முகத்தின் அகலத்துக்குத் திறந்தது.

"யாரு செத்தா?" என்றாள் ஹெஸ்டர்.

யாரும் சாகவில்லை, ராண்டல்தான் வரப்போகிறான் என்றேன். அவள் முகம் மாறியது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதவை இன்னும் ஒரு தோள் அளவு திறந்தாள். நான் பக்கவாட்டில் நுழைந்தேன்.

அட்டைப் பெட்டிகள். நடையிலும் மாடிப்படியிலும் சமையலறையிலும் தோள் உயரத்துக்கு அடுக்கி வைத்த பெட்டிகள். சமையலறையில் மேஜை இருந்த இடமே தெரியவில்லை. அடுப்புக்கு முன்னால் ஒரு நாற்காலி, அதற்கும் தொட்டிக்கும் நடுவில் பூனை போகிற அளவு சந்து. ஜன்னலை மறைத்து மூன்று வரிசை. ஆனால் அழுக்கு இல்லை. சோப்பு வாசனை அடித்தது. பெட்டிகளின் விளிம்பெல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏலக்கூடத்து லாட் சீட்டு, அதாவது எண்ணும் யார் வீட்டுப் பொருள் என்பதும் எழுதிய சீட்டு, ஒட்டியிருந்தது.

அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால்தான் அவளால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

லயனலின் வேலை, ஏலத்துக்கு வரும் பொருளைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டுவது. நல்ல பொருளுக்குக் கைகள் உடனே எழும். இறந்தவர் வீட்டை ஒழித்துக் கடைசியாகக் கட்டிய பெட்டிகளுக்கு, அதாவது மூடி இல்லாத கிண்ணங்கள், ஒற்றை மெழுகுவர்த்தித் தண்டு, துணிக் கொக்கிகள் என்று சேர்ந்த பெட்டிகளுக்கு, யாரும் அசைய மாட்டார்கள். ஏலக்காரர் இரண்டு பவுண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கிக்கொண்டே இருப்பார். லயனல் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்பான்.

"அவருக்குக் கை வலிக்குமேன்னுதான் நான் விரலைத் தூக்குவேன். வேற ஒண்ணும் இல்ல. நான் தூக்கினா அவர் இறக்கிடலாம்ல."

அப்படி வாங்கியதையெல்லாம் லயனல் அவ்வப்போது வண்டியில் ஏற்றி வேறு ஊர் ஏலத்தில் போடுவானாம். அங்கேயும் யாரும் கேட்காவிட்டால் திருப்பிக் கொண்டுவந்துவிடுவானாம். இருவருக்கும் அது ஒரு வேடிக்கை. அவன் போன பிறகும் ஏல நாளான செவ்வாய்க்கிழமை ஆனால் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, போய்விடுவாள்.

"இப்ப தூக்கிக் காட்டறவன் வாலிபன். ஜிம்முக்குப் போறவன். அவனுக்கு வலிக்காது, எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பொட்டி அப்படியே நிக்குதேடி. நம்ம ஊர்க்காரங்க பொட்டி. மேரியட் டீச்சரோடது அது, அதோ. இது ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுது. பெத்தவங்க வீட்டுப் பொட்டிய எல்லாரும் வேணாங்கறத அவங்கவங்க பின்வரிசையில நின்னு பாத்துட்டிருப்பாங்க."

பிறகு ஜன்னல் பக்கத்து அடுக்கைக் காட்டினாள். மேலிருந்து மூன்றாவது பெட்டி ராண்டலுடைய அம்மாவுடையது.

அந்த ஏலத்தைப் பற்றி எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். உன் அம்மாவின் சமையலறைச் சாமான்களுக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள் என்று ஏலக்காரர் ராண்டலிடம் சொல்லியிருந்தார். அதை அவன் ஃப்ளீஸில் சொல்லாத வாரம் இல்லை. அம்மா வைத்திருந்தது அந்தக் காலத்து உறுதியான சாமான், தெரிந்தவன் விடுவானா என்பான்.

"அவன் அந்த ஜன்னல் வழியா ஏறி வந்து, மொத மொதலா இதைப் பாக்கணுமா?" என்றாள் ஹெஸ்டர். "எனக்கு வெக்கமா இல்லேன்னு சொல்லல. பாதி வெக்கம் எனக்கு. மீதி அவங்களுக்கு."

நாங்கள் தேநீர் குடித்தோம், நான் நாற்காலியில், அவள் ஒரு பெட்டியின் மேல். ஜன்னலைச் சாத்தினால் ராண்டல் வாசல் வழியாக வருவான், அவன் வந்துவிட்டுப் போனால் குழு வரும், குழுவுக்குப் பின்னால் கேக்குடன் பெண்கள் சங்கம் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். திறந்துவிட்டால் எல்லோரும் ஒரே நாளில் ஒரே வழியாக வந்து ஒரே வழியாகப் போய்விடுவார்கள். இதையும் சாத்திவிட்டால் அப்புறம் நீ எதைத் திறப்பாய் என்றும் கேட்டேன். அவள் ஜன்னலை மறைத்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லைன்னா எவ்வளவு அகலம்?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஒரு ஆள் போற அகலம். அதுவும் ராண்டல் போற அகலம்."

"அப்ப கொஞ்சம் தாராளமாத்தான் விடணும்" என்றாள். அன்றைக்கு அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

ராண்டலிடம் போய், ஹெஸ்டர் சம்மதித்துவிட்டாள், நீ போக வேண்டாம் என்று சொன்னேன். சாஸேஜ் ரோல் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தனுப்பினான்.

அதற்கப்புறம் கடை மூடியதும் தினமும் மில் சந்துக்குப் போனேன். ஒரு பெட்டியும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவள் நிபந்தனை. ஆகவே சமையலறையிலிருந்து முன்னறைக்கு, முன்னறையிலிருந்து மாடிக்கு என்று மாற்றினோம். மிச்சத்தை இரண்டு பக்கமும் சுவர் போல உயர்த்தினோம். ஜன்னலிலிருந்து பின்கதவு வரை தரை தெரிய ஆரம்பித்தது. நடுவில் இரும்புச் சிலுவை வெளிப்பட்டபோது ஹெஸ்டர் மண்டியிட்டு அதைத் துணியால் துடைத்தாள். ஹார்ன்கோட்டும் நெதர்லீயும் எங்கே பிரிகின்றன என்று தெரியாமலே அவள் இத்தனை நாள் தேநீர் போட்டிருக்கிறாள்.

ராண்டலுடைய அம்மாவின் பெட்டியை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிடலாம் என்றேன். அதில் பீங்கான் இருக்கிறது, நொறுங்கிவிடும் என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தொட்டிப் பக்கத்து அடுக்கின் உச்சியில் வைத்தோம், சீட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி.

இனி மிச்சம் இருந்தது ஆட்கள். நடக்க வருகிறவர்கள் கடைக்கு வரும்போது ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: லயனல் போனதிலிருந்து ஹெஸ்டருக்கு வீட்டு வேலையில் மனசில்லை, உள்ளே போனால் மேலே பார்த்துக்கொண்டு போங்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வார இறுதிக்குள், நான் சொல்லாதவர்களெல்லாம் என்னிடமே வந்து, மில் சந்து வீட்டில் மேலே பார்க்க வேண்டுமாம், தெரியுமா என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். ஊருக்குப் புதிதாக வந்திருந்த மாட்டு டாக்டர் அலிஸ்டர் மட்டும்தான் விவரம் கேட்டார். ஸ்காட்லாந்துக்காரர், கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம்.

"மேல என்ன இருக்கு?"

"உத்தரம்" என்றேன்.

"நல்ல உத்தரமா?"

"பாத்துட்டுச் சொல்லுங்க."

எல்லை நடை அன்று காலை வெயில் மெல்லியதாக இருந்தது. தேவாலயத்து வாசலில் குச்சிகளைப் பங்கு போட்டுக்கொண்டு கிளம்பினோம். ராண்டல் கோலோடு முன்னால், பாதிரியம்மா ரப்பர் பூட்ஸோடு அவன் பின்னால், அதற்குப் பின்னால் ஊர். மேட்டுக் கற்களைத் தட்டினோம். ஆட்டுப் பட்டியைத் தாண்டினோம். ஆற்றங்கரை வயலில் இறங்கும்போதே நான் கழுத்தை நீட்டி அந்த வீட்டைத் தேட ஆரம்பித்தேன். ஹெஸ்டர் என்னிடம் சரி என்று சொல்லியிருந்தாள். ஆனால் நான் விற்ற தாழ்ப்பாள் அந்த ஜன்னலில்தான் இருந்தது.

வயல் திருப்பத்தில் மில் சந்து வீட்டின் பக்கவாட்டுச் சுவர் தெரிந்தது. ராண்டல் நின்றான். எல்லோரும் நின்றோம். ஜன்னலுக்குக் கீழே முக்காலி இருந்தது. தேய்த்துக் கழுவி, இன்னும் ஈரம் காயாமல் இருந்தது.

"ம்" என்றான் ராண்டல். அவ்வளவுதான் சொன்னான்.

ஒவ்வொருவராக ஏறி இறங்கினோம். உள்ளே வந்த ஒவ்வொரு முகமும் உடனே உத்தரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. வானத்தில் விமானம் பார்க்கிற குழந்தைகள் மாதிரி வரிசையாக நகர்ந்தோம். ஓக் மரம்தான் என்றார் ஒருவர். ஓக்தான் என்றார் அடுத்தவர். நல்ல ஓக் என்றார் அதற்கு அடுத்தவர். ஹெஸ்டர் தொட்டியோரம், அதாவது நெதர்லீயில், இஞ்சி பியர்க் கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் மேலே பார்த்தபடியே தட்டைத் துழாவி எடுத்ததில் பாதி தரையில் சிந்தியது. அவள் தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். நல்ல ஜாக்கெட் போட்டிருந்தாள். காதோரம் மட்டும் சிவந்திருந்தது.

அந்தக் கல்லில் இன்னொரு வழக்கம் உண்டு. அந்த வருடம் ஊருக்குப் புதிதாக வந்தவரை நான்கு பேர் கை கால் பிடித்துத் தூக்கி, பின்புறம் கல்லில் மூன்று தடவை படும்படி இறக்குவார்கள். அதற்குப் பிறகு அவருக்கு எல்லை மறக்காதாம். இந்த வருடத்துக்குப் புதியவர் டாக்டர் அலிஸ்டர். நான்கு பேர் பிடித்தார்கள். அத்தனை நீளமான ஆளைத் தூக்கும்போது எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு தூக்க வேண்டும். அவர்கள் நால்வரும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள். முதல் தடவை சரியாக இறங்கியது. இரண்டாவது வீச்சில் டாக்டரின் பூட்ஸ் தொட்டிப் பக்கத்து அடுக்கைப் போய் உதைத்தது.

மேலே இருந்த மூன்று பெட்டிகள் சரிந்து விழுந்தன. துணிக் கொக்கிகளும் கதவுக் குமிழ்களும் தரையெங்கும் உருண்டன. பழைய செய்தித்தாள் சுற்றிய ஏதோ ஒன்று உருண்டுபோய்த் தொட்டிக்கடியில் நின்றது.

யாரும் கீழே பார்க்கவில்லை. இவ்வளவு சத்தத்துக்கும் ஒரு தலை குனியவில்லை. என் காலுக்கடியில் ஒரு குமிழ் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, நானும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாயங்காலம் மழை வரும் போல" என்றது ஒரு குரல்.

"வரலாம்" என்றது இன்னொன்று.

தரையில் போட்டுவிடப்பட்ட டாக்டருக்குத்தான் கீழே பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர் கையை நீட்டி அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். முயல் வடிவத்தில் பழுப்பு நிறப் பீங்கான் அச்சு, புட்டிங் உறைய வைப்பது. உடையவில்லையே என்று அவருக்குச் சந்தோஷம். உட்கார்ந்தபடியே அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"முயல். முழுசா இருக்கு. யாரோடது?"

அவர் புதியவர், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் அந்த அறையில் யாரும் அசையவில்லை. அச்சு மேலேயே நின்றது. ஹெஸ்டர் தட்டை வைத்துவிட்டிருந்தாள். அவளுடைய வலது கை மெல்ல எழுவதை நான் ஓரக் கண்ணால் பார்த்தேன். பழக்கம். இடுப்பு வரை வந்துவிட்டது.

"இறக்குங்க, டாக்டர்" என்றான் ராண்டல். அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க அம்மாவோடது அது."

டாக்டர் கொடுக்க, கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாங்கினான். அதன் காதைப் பெருவிரலால் தடவினான். ஒரு காதில் சிறிய சில்லு போயிருந்தது. அது அவன் வேலையாகத்தான் இருக்கும், அந்த விரல் நேராக அங்கேதான் போனது. பிறகு தரையில் கிடந்த பெட்டியையும் அதன் சீட்டையும் பார்த்தான், ஹெஸ்டரைப் பார்த்தான்.

"ரெண்டு பேரு போட்டி போட்டாங்கன்னு சொன்னாரே."

"ஒரு ஆளுதான், ராண்டல்" என்றாள் அவள். "அன்னிக்கு நல்ல மழை. யாருமே வரல."

அவன் முயலின் காதிலிருந்து விரலை எடுத்தான்.

"நான் வெளியில வண்டியில உக்காந்திருந்தேன். உள்ள வர மனசு வரல. வெயில் அடிச்சுது, ஹெஸ்டர். கண்ணாடிய ஏத்த முடியல, அவ்வளவு வெயில்."

"சரி. வெயில்தான்."

"எவ்வளவு பேரு இருந்தாங்க?"

"கூடம் நிறைய."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அதற்குள் மற்ற தலைகளும் ஒன்றொன்றாக இறங்கத் தொடங்கியிருந்தன. முழுவதும் இல்லை, அவரவர் பூட்ஸ் வரைக்கும். ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் மட்டும் இன்னும் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. எதிரிலிருந்த பெட்டியின் சீட்டை அவள் முன்பே படித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

பாதிரியம்மா தொண்டையைச் செருமி, இந்தக் கல்லுக்கு இன்னும் ஜெபம் சொல்லவில்லையே என்று நினைவூட்டினார். ராண்டல் அச்சை மார்போடு பிடித்துக்கொண்டு மறு கையால் கோலைத் தூக்கப் பார்த்தான். வரவில்லை. கீழே வைத்துவிட்டுத் தட்டியிருக்கலாம். வைக்கவில்லை. கோலை ஹெஸ்டரிடம் நீட்டினான்.

"இதப் புடி. எனக்குக் கை காலியில்ல."

அந்தக் கோலை ஃபென்விக் குடும்பத்துக்கு வெளியே யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை. ஹெஸ்டர் இரண்டு கையாலும் வாங்கினாள். நெதர்லீயிலிருந்து ஒரு எட்டு வைத்து, சிலுவைக்கு நேராக நின்று, மூன்று தடவை தட்டினாள். கடைசித் தட்டில் கோப்பைகள் அதிர்ந்தன. டாக்டருக்கு மிச்சமிருந்த மூன்றாவது தடவையை எல்லோருமே மறந்துவிட்டோம். அவர் தானாகவே ஒரு முறை எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

மிச்ச எல்லை முழுவதும் ராண்டல் அந்த முயலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே நடந்தான். வேலி ஏறும்போதுகூட யாரிடமும் கொடுக்கவில்லை. பாலத்தடியில் நெதர்லீக்காரர்கள் வழக்கம் போல எங்களைச் சீண்டக் காத்திருந்தார்கள்.

"என்ன ராண்டல், முயல் புடிச்சியா?"

"ஆமா" என்றான் ராண்டல். "உங்க பக்கத்துலதான் கெடச்சுது."

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். அதிகமில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் ஒரு மாலை மில் சந்துக்குப் போய்த் தன் பெட்டியை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, அது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். மேரியட் டீச்சரின் பேரன் இரண்டு கிண்ணங்களை வாங்கிக்கொண்டு போனான். ஒருவர் எங்கள் வீட்டுப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் வருத்தப்பட்டார். பெட்டிகள் குறைந்தன என்று சொல்ல முடியாது. ராண்டல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அச்சில் தானே செய்த ரோஸ் நிறப் புட்டிங் முயலைத் தட்டில் ஏந்தி, சந்தைச் சதுக்கத்தின் நடுவே மில் சந்துக்கு நடந்து போனான். ஒவ்வொரு எட்டுக்கும் அது நடுங்கியது. நான் கடை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கூண்டைத் தாண்டுவதற்குள் ஒரு காது விழுந்துவிட்டது. அவன் அதை எடுத்துத் தின்றுவிட்டு நடந்தான்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு தராசு தேவைப்பட்டதால் ஏலக்கூடத்துக்குப் போனேன். ஹெஸ்டர் எப்போதும் உட்காரும் இரண்டாவது வரிசையில் இருந்தாள். பக்கத்தில் ராண்டல், கையைக் கட்டிக்கொண்டு. கடைசியில் ஒரு பெட்டி வந்தது, விளக்குக் கண்ணாடிகளும் ஒரு காபி அரைக்கும் மிஷினும். வாலிபன் தூக்கிப் பிடித்தான். ஏலக்காரர் இறங்கிக்கொண்டே போனார். ஹெஸ்டர் மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தாள். ராண்டல் மேலே கூரையைப் பார்த்தான். நல்ல கூரைதான்.

அவள் விரல் எழுந்தது.

ஏலம் முடிந்ததும் ராண்டல் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். நாங்கள் மூன்று பேரும் மில் சந்துக்கு நடந்தோம். வாசல் கதவை ஹெஸ்டர் முழுவதுமாகத் திறந்தாள். பாதை அப்படியே இருந்தது, வாசலிலிருந்து சமையலறை வரை, சமையலறையில் ஜன்னலிலிருந்து பின்கதவு வரை, ராண்டல் அகலத்துக்கு. சிலுவை பளபளத்தது. என் தாழ்ப்பாள் திறந்தே இருந்தது.

"எங்க வைக்க?" என்றான் ராண்டல்.

ஹெஸ்டர் சுற்றிலும் பார்த்தாள்.

"எங்க வேணா வை. வழியில மட்டும் வெக்காதே. அடுத்த வருஷம் வரணும்ல."